பெரலுக்கு வாங்கிய கருப்பட்டி

அந்த வருஷம் எங்கள் வீட்டில் இனிப்புத் தேத்தண்ணி குடித்தது ஒரு நீலத் தண்ணீர்ப் பெரல் மட்டும்தான். நாங்கள் நான்கு பேரும் சீனி போடாத வெறுந்தேத்தண்ணி குடித்தோம்.

கடைகளில் உரம் இல்லாமல் போன வருஷம் அது. பல்லேபொல பக்கம் குத்தகைக்கு எடுத்த அரை ஏக்கரில் அப்பா போஞ்சிக்காய் போட்டிருந்தார். கொடி கம்பில் ஏறுகிற நேரத்தில் இலையெல்லாம் மஞ்சளாகிவிட்டது. விவசாயக் கூட்டம் ஒன்றுக்குப் போனவர் கையில் ஒரு தாளோடு திரும்பினார். மக்கிய எருவைச் சாக்கில் கட்டி பெரலில் பிடித்த மழைத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும், மீன் கழுவிய தண்ணீரும் கருப்பட்டியும் சேர்க்க வேண்டும், ஒரு நாள் முழுக்க அதற்குள் காற்று ஊத வேண்டும். நுரை தள்ளினால் அந்த எருத் தேத்தண்ணியைச் செடிக்கு ஊற்றலாம். செலவே இல்லாத வைத்தியம் என்று அந்தத் தாளிலேயே போட்டிருந்தது. எழுதியவர் கருப்பட்டி வாங்கக் கடைக்குப் போகிறவர் இல்லை போலிருக்கிறது.

ஊரே அதே தாளை வைத்துக்கொண்டு அலைந்ததில் சாணத்துக்கும் விலை வந்துவிட்டது. அதுவரை அள்ளிக்கொண்டு போனால் போதும் என்றிருந்த மாட்டுக்காரர், சாக்குக்கு இவ்வளவு என்று கேட்க ஆரம்பித்தார். கித்துள் பனைக் கருப்பட்டியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒரு வாரம் ஒரு கட்டி வாங்கிய காசுக்கு மறு வாரம் பாதிக் கட்டிதான் கிடைத்தது. காற்று ஊத மீன்தொட்டி மோட்டர் ஒன்றைப் பழசாக வாங்கினார் அப்பா. பாதி நாள் கரண்ட் இருக்காது. அப்போதெல்லாம் மூங்கில் கழியால் கலக்குவது என் வேலை.

நான் அலுத்துக்கொள்ளாமல் கலக்கினேன். அதற்குக் காரணம் இருந்தது. குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகிறேன் என்று அம்மா சொன்னதும் அப்பா மறித்ததும் என் காதில் விழுந்திருந்தது.

"இந்தப் போஞ்சி மட்டும் வரட்டும். யாரும் எங்கயும் போகத் தேவையில்ல" என்றார் அப்பா.

நுரை வந்தால் போஞ்சி வரும், போஞ்சி வந்தால் அம்மா இருப்பாள். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. அதனால் கருப்பட்டிக்கு நானே போலீஸ் ஆனேன். சுரண்டும்போது சிந்திய தூளைத் தொட்டு நக்கினான் என்று தம்பியை ஓங்கி அறைந்தேன். அவனுக்கு ஐந்து வயது. அந்த அறையை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

இரண்டு முறை பெரல் நுரைக்காமல் நாறிப்போனது. மூன்றாம் முறைக்குக் கருப்பட்டி வாங்க அம்மா கண்டிக்குப் போனாள். வீட்டைச் சுற்றிக் கித்துள் மரங்கள் நிற்கிற ஊரிலிருந்து கருப்பட்டிக்காக ஒருத்தி ஏன் கண்டிக்குப் போகிறாள் என்று எனக்குத் தோன்றவில்லை. அங்கே விலை குறைவு என்றாள், நம்பினேன்.

பின்னேரம் நான்கு முழுக் கட்டிகளோடு வந்தாள். சுரண்டச் சொல்லி என்னிடம் தரவில்லை. தேத்தண்ணி ஊற்றிவிட்டு, கத்தியின் பின்பக்கத்தால் ஒரு கட்டியைத் தட்டி உடைத்து, ஒரு பெரிய துண்டை என் உள்ளங்கையில் வைத்தாள்.

"அம்மா, இது பெரலுக்கு."

"பெரலுக்கு இருக்கு. நீ கடிச்சிக்கிட்டு குடி."

கை நீட்டியபோது அவளுடைய முழங்கை மடிப்பில் பஞ்சு வைத்துப் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. என்னவென்று கேட்டேன். பஸ்ஸில் கம்பி கீறிவிட்டது என்றாள். தம்பி மூன்று துண்டு தின்றான். தோட்டத்திலிருந்து வந்த அப்பா வாசலிலேயே நின்று எங்களைப் பார்த்தார். இப்போது கத்தப் போகிறார் என்று பயந்தேன். நேராகப் பெரலிடம் போனார். மோட்டர் ஓடிக்கொண்டிருந்தது, ஆனாலும் கழியை எடுத்துக் கலக்கினார்.

பெரல் அந்த முறையும் நுரைக்கவில்லை. போஞ்சி காய்ந்தது. அடுத்த மாதம் அம்மா போய்விட்டாள்.

நான் தின்றதால்தான் போனாள் என்று பல வருஷம் நம்பினேன். அவள் போனில் "சாப்பிட்டியா?" என்று கேட்கும்போதெல்லாம் போனைத் தம்பியிடம் கொடுத்துவிடுவேன். யாரிடமும் சொன்னதில்லை.

போன மாதம் பக்கத்து வீட்டு அக்கா வெளிநாடு போக மெடிக்கலுக்கு இரத்தம் கொடுத்துவிட்டுக் கண்டியிலிருந்து வந்தார். முழங்கை மடிப்பில் அதே பஞ்சு, அதே பிளாஸ்டர். ஏஜென்சி கொடுத்த முன்பணத்தில் பிள்ளைகளுக்குக் கேக் வாங்கி வந்திருந்தார். அந்தப் பிள்ளைகள் அடித்துப் பிடித்துத் தின்பதை என்னால் பார்க்க முடியவில்லை, வீட்டுக்குள் வந்துவிட்டேன்.

அந்த நான்கு கட்டிக்கும் காசு எங்கிருந்து வந்தது என்று அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. பெரலை நம்புவதை அம்மா எப்போதோ விட்டிருக்கிறாள். எனக்கு மட்டும் அன்றைக்கு எதுவும் தெரியவில்லை. கையிலிருந்ததைத் தின்று முடித்துவிட்டு, இன்னொரு துண்டு கேட்டேன். அம்மா கொடுத்தாள்.