குப்பை பிரித்த தெரு

அந்தத் தெருவில் அவளை எல்லாரும் விசில் என்றுதான் கூப்பிட்டார்கள். நகராட்சி கொடுத்த பேட்டரி வண்டியில் ஒலிபெருக்கி ஒன்று இருந்தது. வந்த மாதமே அது தொண்டை கட்டிப்போய் நின்றுவிட்டது. அன்றிலிருந்து கழுத்தில் ஒரு விசிலை மாட்டி ஊதிக்கொண்டு வந்தாள். சத்தம் கேட்டதும் பல் தேய்த்துக்கொண்டிருப்பவர்கூட வாயில் நுரையோடு தொட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார். பச்சைத் தொட்டியில் மக்குவது, நீலத் தொட்டியில் மக்காதது. மாற்றிப் போட்டிருந்தால் தொலைந்தார். வெங்காயத் தோலுக்குள்ளிருந்து ஷாம்பு பாக்கெட்டை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, "இது மண்ணுல போட்டா மொளைக்குமா சார்?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கேட்பாள்.

அவளுக்கு அதில் ஒரு வைராக்கியம். முன்பெல்லாம் தெருமுனையில் பெரிய இரும்புத் தொட்டி ஒன்றுதான் இருந்தது. சுற்றுவட்டாரமே அதில் கொட்டும். குழந்தையின் டயப்பர், உடைந்த டியூப்லைட், சவர பிளேடு, மீன் குடல் எல்லாம் ஒன்றோடொன்று குழைந்து கிடக்கும். அதற்குள் இறங்கி அள்ளியது அவள்தான். வீட்டுக்குப் போய் எத்தனை சோப்புப் போட்டாலும், சோற்றைப் பிசைந்து வாயருகே கொண்டுபோனால் முதலில் அந்த வாடைதான் வரும். அதனால் ஸ்பூனில் சாப்பிடப் பழகிக்கொண்டாள். "பெரிய துரைசாணி" என்று அவள் புருஷன் கிண்டல் செய்வான். வீட்டிலேயே பிரித்து வாங்கும் திட்டம் வந்த பிறகுதான் அந்த ஸ்பூன் அலமாரிக்குப் போயிற்று.

புருஷனும் நகராட்சி ஆள்தான். குப்பை லாரி ஓட்டினான். அவளைப் போல வண்டி ஓட்டுபவர்கள் எல்லாரும் மார்க்கெட் பின்பக்கம் கொண்டுவந்து சேர்ப்பதை, ஊருக்கு வெளியே இருக்கும் ஷெட்டுக்கு அவன் ஏற்றிக்கொண்டு போவான். லாரியின் நடுவில் ஒரு தகரத் தடுப்பு. இந்தப் பக்கம் மக்குவது, அந்தப் பக்கம் மக்காதது. ஷெட்டில் பெல்ட் ஓடும். பெண்கள் இருபுறமும் நின்று காகிதம், பிளாஸ்டிக், கண்ணாடி என்று தனித்தனியாக எடுப்பார்கள். திறப்பு விழாவன்று அவளும் போய்ப் பார்த்திருக்கிறாள். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போக வேலை இருக்கவில்லை.

தெருவிலேயே மசியாதவர் மாடி வீட்டம்மா. டெலிபோன் ஆபீசில் ஆயுசுக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். லிப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடியில் மகன், மருமகள், கைக்குழந்தைப் பேரனோடு இருந்தார். குரல் மட்டும் கணீரென்று கீழே வரும்.

"வரியும் கட்டி, குப்பையையும் நானே பிரிக்கணும்னா, நீ எதுக்குடி இருக்க?"

விசில் நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்: "நீங்க பிரிக்கலேன்னா நான்தான்மா பிரிக்கணும். உங்க பேரப்புள்ள டயப்பரத் தொட உங்களுக்கே குமட்டுதுன்னா, எனக்கு மட்டும் மணக்குமா?"

மேலே ஜன்னல் படாரென்று சாத்தப்பட்டது. தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. மறுநாள் காலையில் மாடி வீட்டம்மா முட்டி வலியோடு ஒவ்வொரு படியாக இறங்கி, கைக்கொன்றாக இரண்டு தொட்டியைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். "பாத்துக்க. ஒரு தப்புக் கண்டுபிடி பாப்போம்."

கண்டுபிடிக்க முடியவில்லை. அதற்குப் பிறகு அந்த அம்மாவை யாராலும் மிஞ்சவும் முடியவில்லை. பால் பாக்கெட்டுகளைக் கழுவி, துணி காயப்போடும் கொடியில் கிளிப் மாட்டிக் காயவைத்து, அடுக்கி ரப்பர் பேண்டு போட்டுக் கொடுப்பார். மருத்துவ ஊசி, உடைந்த கண்ணாடி என்றால் செய்தித்தாளில் சுற்றி, மேலே "ஜாக்கிரதை" என்று எழுதிவிடுவார். மருமகள் செய்கிறேன் என்றாலும் விடமாட்டார். "நீ மாத்திப் போட்டுட்டா அந்த விசிலு வாசல்ல வெச்சு என் மானத்த வாங்கிடுவா" என்பார். சொல்லும்போது முகத்தில் சிரிப்பு இருக்கும்.

ஒரு நாள் காலை அந்தம்மா வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு இறங்கி வந்தார். பல்செட்டைக் கழற்றி டிஷ்யூ பேப்பரில் வைத்திருக்கிறார். மேஜையைத் துடைத்த மருமகள் அது ஏதோ கசங்கிய காகிதம் என்று நீலத் தொட்டியில் போட்டுவிட்டாள். அது முந்தின நாளே வண்டியேறிப் போய்விட்டது.

"போனா போகுது விடு" என்றார் அந்தம்மா. பல் இல்லாமல் வார்த்தைகள் காற்றாக வந்தன.

விசில் சிரித்துவிட்டாள். "நீலத் தொட்டில போட்டது எங்கம்மா போகப் போகுது? ஷெட்டுல பெல்ட்டு மேல பல்லக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்கும். நான் கொண்டாந்து தர்றேன், கவலைய விடுங்க."

மத்தியானம் வேலை முடிந்ததும் ஒரு பால் வேனில் ஏறி, ஷெட் பக்கம் போய் இறங்கினாள். வாசலில் பூட்டு தொங்கியது. பூட்டில் துரு. தகரச் சுவரின் ஓட்டை வழியே எட்டிப் பார்த்தாள். பெல்ட்டின் மேல் ஒரு நாய் குட்டிகள் போட்டுப் படுத்திருந்தது. கூரையில் புறாக்கள். தரையில் ஒரு காகிதத் துண்டுகூட இல்லை.

பின்பக்கம் லாரிச் சத்தம் கேட்டது. சுற்றிக்கொண்டு போனாள். அங்கே கல் வெட்டி முடித்துக் கைவிட்ட பெரிய குழி ஒன்று இருந்தது. அதன் விளிம்பில் பின்பக்கம் காட்டி நின்றது அவள் புருஷனின் லாரி. தொட்டி மேலே எழும்பியது. நடுவில் தகரத் தடுப்பு இல்லை. பச்சையும் நீலமும் ஒரே குவியலாகச் சரிந்து குழிக்குள் விழுந்தன. அவள் தெருவின் குப்பையும் அதில் இருந்தது. ரப்பர் பேண்டு போட்ட பால் பாக்கெட்டுக் கட்டு ஒன்று உருண்டு, அழுகிய தக்காளியின் மேல் போய் நின்றதை அவள் கண்ணால் பார்த்தாள்.

வண்டியிலிருந்து இறங்கியவன் அவளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான்.

"நீ எதுக்கு இங்க வந்த?"

"எப்பலேர்ந்துங்க?"

அவன் கைத்துணியால் கழுத்தைத் துடைத்தான்.

"எப்பலேர்ந்துன்னு கேட்டேன்."

"மழைக்கு முன்னாடியே. மோட்டார் எரிஞ்சுபோச்சு. ஒப்பந்தக்காரன் கைய விரிச்சுட்டான். பிரிச்சதை வாங்குற ஆளும் வர்றதில்ல. பொம்பளைங்கள எல்லாம் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. குழியில தள்ளுன்னாங்க, தள்ளுறேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல."

"எப்படிடீ சொல்றது? ராத்திரி சோத்துல கை வைக்கிறப்பவே ஆரம்பிச்சுடுவ. இன்னிக்கு இந்த வீடு திருந்திடுச்சு, அந்த வீடு திருந்திடுச்சுன்னு. உன் மொகத்தப் பாத்துக்கிட்டு எப்படிச் சொல்றது?"

அவள் ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு குழிக்குள் இறங்கினாள். "ஏய், சரிஞ்சு விழுந்துடும், ஏறி வா" என்று கத்திப் பார்த்தவன், பிறகு தானும் இறங்கினான். எதைத் தேடுகிறாள் என்று கேட்டான். பல்செட்டு என்றாள். அவன் சிரிக்கவில்லை. புருஷனும் பெண்டாட்டியும் வெயில் சாயும்வரை கிளறினார்கள். முழங்கை வரை பழைய வாடை ஏறிக்கொண்டது. பல்செட்டு கிடைக்கவில்லை.

மறுநாள் சூப்பர்வைசரிடம் போய்க் கேட்டாள். கெட்ட மனுஷர் இல்லை, களைத்த மனுஷர். "மேல எழுதிக்கிட்டுதான் இருக்கேன்மா. எழுதி எழுதி எனக்கே கை விட்டுப்போச்சு. ஆனா தெருவுல பிரிக்கிறத நிறுத்தக் கூடாது. வாராவாரம் போட்டோ போகணும். உன் தெருதான் நமக்கு முதல் தெரு. அதக் கெடுத்துடாத."

"கெடுக்கிறதுக்கு என்ன சார் இருக்கு?" என்று கேட்டாள்.

"விஷயம் வெளிய போனா முதல்ல உன் வீட்டுக்காரன் தலைதான் உருளும். லாரி ஓட்டுறது அவன்தானே?" என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார். அதுதான் அவளை வாயடைக்க வைத்தது.

மாடி வீட்டம்மாவிடம், "நல்லாத் தேடினேன்மா, கெடைக்கல" என்றாள். அந்த மட்டில் அது உண்மைதான்.

"தேடினியே, அது போதும்டி" என்றார் அந்தம்மா. ஈறில் வீக்கம், அது வடிந்தால்தான் புதிதாக அளவு எடுக்க முடியும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ரொட்டியைப் பாலில் ஊறவைத்துச் சாப்பிட்டார். ஆனால் பாக்கெட் கழுவுவதை மட்டும் நிறுத்தவில்லை. பால் செலவு கூடியதால் கொடியில் பாக்கெட்டுகளும் கூடின.

அதற்குப் பிறகு விசில் யாரையும் வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்கவில்லை. தொட்டியைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. வாங்குவாள், கொட்டுவாள், நகர்வாள். ஆனால் தெரு நன்றாகப் பழகியிருந்தது. அவள் பார்க்காமலே சரியாகப் பிரித்துக் கொடுத்தார்கள். அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. சூப்பர்வைசர் போட்டோ எடுக்க வந்தால் சிரிக்கச் சொல்வார். சிரிப்பாள். வீட்டில் புருஷனும் அவளும் குப்பையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பற்றிப் பேசினார்கள். பேசப் பேச, பேச ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது.

மழைக்காலம் மறுபடி வந்தது. படிகள் ஈரமாக இருந்த ஒரு காலையில், மாடி வீட்டம்மா இரண்டாவது மாடித் திருப்பத்தில் வழுக்கி விழுந்தார். இரண்டு கையிலும் தொட்டி இருந்ததால் கைப்பிடியைப் பிடிக்க முடியவில்லை. கீழே விசில் ஊதிக்கொண்டிருந்தவள் தொட்டிகள் உருண்டு வரும் சத்தத்தைக் கேட்டு ஓடினாள். இடுப்பெலும்பு முறிந்திருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு ஒரு மத்தியானம் பார்க்கப் போனாள். அந்த வீட்டுக்குள் அவள் நுழைந்தது அதுதான் முதல் தடவை. ஜன்னலோரக் கட்டிலில் அந்தம்மா பாதியாகக் கரைந்து படுத்திருந்தார். இனிமேல் நடக்க வாய்ப்பு குறைவு என்று மருமகள் வாசலிலேயே காதில் சொல்லியிருந்தாள்.

"இவ சரியாக் குடுக்கிறாளா?" என்று அந்தம்மா மருமகளைக் காட்டிக் கேட்டார். "பாக்கெட்ட ஈரத்தோட போட்டுடறா. நீ சொன்னாத்தான் கேப்பா. கொஞ்சம் சொல்லு."

விசில் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். சொல்ல வேண்டும் என்று நினைத்து வரவில்லை. "கழுவ வேணாம்மா" என்று ஆரம்பித்ததுதான் தெரியும். பூட்டு, நாய்க்குட்டி, கல்குழி, தகரத் தடுப்பு என்று எல்லாம் வந்துவிட்டது. பல்செட்டைத் தேடிய இடம் எது என்பதையும் சொன்னாள். மருமகள் கையில் டம்ளரோடு நின்றபடியே நின்றாள்.

அந்தம்மா திட்டவில்லை. அந்தக் கணீர்க் குரலில் நாலு வார்த்தை திட்டியிருந்தால் விசிலுக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும். விட்டத்தைப் பார்த்தபடி மெதுவாகக் கேட்டார்.

"உனக்கு அப்பவே தெரியுமா?"

"பல்லத் தேடிப் போனப்பதான் தெரியும்மா."

"அதுக்கப்புறமும் நான் எறங்கி வந்தேனே. தெனமும் நீ பாத்துக்கிட்டுதான நின்ன?"

அந்தம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். விசில் எழுந்து வந்தாள். மருமகள் கதவைச் சாத்தும்போது மரியாதையாகத்தான் சாத்தினாள்.

தெருவுக்குத் தெரிய அதிக நாள் ஆகவில்லை. முதலில் சண்டைக்கு வந்தார்கள். "எங்கள என்ன கேனையன்னு நெனச்சியா?" என்று கேட்டார் ஒருவர். இரண்டு பேர் நகராட்சிக்குப் போய்க் கத்திவிட்டு வந்தார்கள். அங்கே நாற்காலி போட்டு உட்கார வைத்து, விரைவில் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பினார்கள். சூப்பர்வைசர் சொன்னது போலவே அவள் புருஷனை லாரியிலிருந்து இறக்கி, சாக்கடை தூர்வாரும் வேலைக்குப் போட்டார்கள். வேறொருவன் அதே லாரியை அதே குழிக்கு ஓட்டினான்.

"சொல்லாம இருந்திருக்கலாம்" என்றான் புருஷன், காலைக் கழுவிக்கொண்டே. கோபமாகச் சொல்லவில்லை.

"இருந்திருக்கலாம்" என்றாள் அவளும்.

பிறகு தெரு சண்டையையும் விட்டது. ஒரே பையில் எல்லாவற்றையும் கட்டி வண்டியில் எறிந்தார்கள். டயப்பரும் சோறும் பிளேடும் மறுபடி ஒன்றாக வந்தன. ஒரு பையைத் தூக்கும்போது உள்ளிருந்த கண்ணாடி அவள் உள்ளங்கையைக் கிழித்தது. தையல் போட்ட இடம் சரியாகக் கூடவில்லை. இரண்டு விரல் மடங்க மறுத்தது. இடதுகையால் அள்ளப் பழகினாள். மாடி வீட்டம்மா அந்த மழைக்காலம் முடிவதற்குள் போய்விட்டார். அன்று அவள் தெருமுனையில் வண்டியை நிறுத்திவிட்டு ஓரமாக நின்றாள். உள்ளே போகக் கால் வரவில்லை. மறுநாள் அந்த வீட்டிலிருந்தும் ஒரே பைதான் வந்தது.

வெயில் தொடங்கியபோது நகராட்சி புதுத் திட்டம் ஒன்றை அறிவித்தது. இனிமேல் மூன்றாகப் பிரிக்க வேண்டும். வீட்டுக்கு மூன்று புதுத் தொட்டிகள். சூப்பர்வைசர் அவற்றை அவள் வண்டியில் ஏற்றிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் வேறு வேலையாகப் போனார். அவள் வீடு வீடாகக் கொடுத்துக்கொண்டு போனாள். எதற்கென்று யாரும் கேட்கவில்லை. வாங்கி உள்ளே வைத்துக்கொண்டார்கள். கடைசி வீட்டில் புதிதாகக் குடிவந்த ஒரு சின்னப் பெண் இருந்தாள். மூன்று தொட்டியையும் வாசலில் வரிசையாக வைத்து, ஆர்வமாகக் குனிந்து பார்த்தாள்.

"எதுல எதப் போடணும்க்கா? தப்பாயிடக் கூடாது, சரியாச் சொல்லுங்க."

விசில் ஒரு தொட்டியை விரலால் தட்டிப் பார்த்தாள்.

"தண்ணி புடிச்சு வெச்சுக்கம்மா" என்றாள். "நல்ல கெட்டியான தொட்டி. ஒழுகாது."

வண்டியைத் திருப்பிக்கொண்டு மார்க்கெட் பக்கம் போனாள்.