டயல் அக்கா
மோடம் பெட்டியின் மேல் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார். ஆள்காட்டி விரல் மேலே நிற்கிறது. அது இறங்கும்வரை அறையில் ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. பெட்டி கீச்சிட்டு, இரைந்து, அடங்குகிறது. விரல் இறங்குகிறது. "ம்… அந்தப் பக்கம் எடுத்துட்டாங்க."

கிளை அலுவலகக் கம்ப்யூட்டர்களைத் தொலைபேசி வழியாகத் தலைமை அலுவலகத்தோடு இணைத்துவிடுவது அவர் தொழில். அவரைவிட மூத்த எங்கள் மேனேஜருக்கும் அவர் டயல் அக்காதான். அவர் வைக்கும் பெட்டி, அனுப்ப ஏதாவது இருந்தால் தானே டயல் செய்யும். சற்று நேரம் சும்மா இருந்தால் தானே வைத்துவிடும். "எங்க மாமியார் மாதிரி. கேக்க வேண்டியதக் கேப்பாங்க, 'சரி, வை'ம்பாங்க. ஆனா ஒரு தேவைன்னா மொத போன் அவங்களுதுதான்."

கழற்றிய திருகாணிகளை மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் போட்டுவைப்பார். அதனால் கண்ணாடிக்குத் தலைதான் வீடு. அங்கே இருப்பதை மறந்துவிட்டு மேசை மேசையாகத் தேடுவார். நாங்களும் சேர்ந்து தேடுவதுபோல் நடிப்போம்.

எங்களுடையது மருந்து மொத்த விற்பனைக் கிளை. போன் லைன் ஒன்றே ஒன்று. பெட்டி வந்த மறுவாரம் லைனை வைக்கவே மறுத்தது. மருத்துவமனைகள் கூப்பிட்டால் எங்கேஜ்டு. ஒரு நர்ஸ் வண்டி பிடித்து நேரிலேயே வந்துவிட்டார். "அவசரமா மருந்து கேட்டா, யாரோட அரட்டை அடிச்சுக்கிட்டிருக்கீங்க?" இப்படியே போனால் எங்கள் ஆர்டர்களை வேறு கிளைக்கு மாற்றிவிடுவதாகத் தலைமை அலுவலகம் சொன்னது. மேனேஜருக்குச் சோறு இறங்கவில்லை.

அக்கா வந்து ஒவ்வொரு கம்ப்யூட்டரின் கேபிளாகப் பிடுங்கினார். கிடங்குக்காரருடையதைப் பிடுங்கிய பிறகுதான் பெட்டி ஓய்ந்தது.

கிடங்குக்காரர் முகம் சுண்டிப்போயிற்று. "என் பொண்ணு தலைமை ஆபீஸ்ல சேந்திருக்கா. அவ சீட்ல இருந்தா இந்த சாட்ல அவ பேர் பக்கத்துல ஒரு பச்சைப் புள்ளி தெரியும். நான் ஒண்ணும் பேசறதில்லம்மா. சும்மா பாத்துப்பேன்."

"நீங்க பேசலண்ணே. அந்தப் புள்ளி 'இருக்காளா, இருக்காளா'ன்னு கேட்டுக்கிட்டே இருக்கு. லைன் எப்படி வைக்கும்?"

"மொதல்ல அத அழிச்சுப் போடுங்க," என்றார் மேனேஜர்.

"இருங்க சார். எது வேலைன்னு இந்தப் பெட்டிக்குச் சொல்றது நான்தானே?" கண்ணாடியை இறக்கிக்கொண்டு தட்டத் தொடங்கினார். "ஆர்டருக்கும் ஸ்டாக்குக்கும் மட்டும் டயல் பண்ணும். புள்ளிக்காகப் பண்ணாது, புள்ளிக்காகக் காத்துக்கிட்டும் இருக்காது. ஆனா ஆர்டர் போறப்ப அதுவும் கூடத் தொத்திக்கிட்டுப் போய்ட்டு வரட்டும். யாருக்கு என்ன நஷ்டம்?"

சோதனை ஆர்டர் ஒன்று போனது. கிடங்குக்காரரின் திரையில் புள்ளி பச்சையானது. சற்று நேரத்தில் லைன் தானே வைத்தது, புள்ளி சாம்பலானது. உடனே போன் அடித்தது. ஏதோ ஒரு மருத்துவமனை. மேனேஜர் பாய்ந்து எடுத்துப் பேசி, வாயெல்லாம் பல்லாகத் திரும்பினார். "முடிஞ்சுதுக்கா! கெளம்பலாம்ல?"

கிடங்குக்காரர் இன்னும் திரையை விட்டு நகரவில்லை. அக்கா அவரை ஒருமுறை பார்த்தார்.

"எதுக்கும் இன்னொரு தடவ பாத்துடறேன் சார்," என்று சோதனை ஆர்டரை மறுபடியும் தட்டிவிட்டார்.