அம்மா கைவிடப்பட்ட மத்தியானம்

என் அம்மா சாவுக்குப் பயந்தவள் இல்லை. சர்க்கரை, காது மந்தம், காலில் ஆறாத புண். இத்தனையோடும் யாராவது சாவைப் பற்றிப் பேசினால், "வரட்டும்" என்று சொல்லிவிட்டு அரிசியில் கல் பொறுக்குவாள். அவள் பயந்தது வேறொன்றுக்கு. ஆண்டவர் வந்து தன் ஆட்களை எடுத்துக்கொண்டு போகும்போது தான் மட்டும் விடுபட்டுப் போய்விடுவோமோ என்று பயந்தாள். அந்தப் பயத்தை வைத்து அவளை வதைத்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் எங்கள் சபைப் போதகர். இன்னொருவர் என் அக்காள் புருஷன். இருவரும் இன்றைக்கும் நன்றாக இருக்கிறார்கள். ஞாயிறுதோறும் மைக் பிடிக்கிறார்கள்.

வெம்பக்கோட்டை போகிற ரோட்டில் எங்கள் ஊர். சபை என்பது ஒரு தகரக் கொட்டகை. பட்டாசு ஆபீசுக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் போகிற ஜனங்கள்தான் விசுவாசிகள். எங்கள் பக்கம் தொழிற்சாலையை ஆபீஸ் என்போம். அங்கே போகிறவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறவர்கள் இல்லை. வெடிக்குள் மருந்தைத் திணித்துக் கிட்டிக்கிறவர்கள்.

போதகர் வருஷக்கணக்காக ஒன்றைச் சொல்லிவந்தார். உலகத்துக்கு ஏழு வருஷம் மகா உபத்திரவம் வரும். அதற்கு முன்பே ஆண்டவர் ரகசியமாக வந்து தன் சபையைத் தூக்கிக்கொள்வார். அடுப்பில் சோறு கொதிக்கும், கிண்டுகிறவள் இருக்க மாட்டாள். அம்மா இதைத் தன் பெயரை நம்பியதுபோல் நம்பினாள்.

அத்தான் ஒரு பட்டாசு ஆபீசில் போர்மேன். சபையில் மூப்பர். அவர் புது போன் வாங்கியதோடு பிடித்தது சனியன். யார் யாரோ பேசுகிற பிரசங்கங்களைக் காதில் மாட்டிக்கொண்டே திரிந்தார். ஒரு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் எழுந்து நின்றார்.

"உபத்திரவத்துக்கு முன்னாடியே சபை போயிரும்னு எங்கன எழுதியிருக்கு? காட்டுங்க பாப்போம்."

போதகர் சிரித்தார். "மூப்பரே, எழுத்துக் கூட்டி வாசிக்கிறவுகளுக்கு அது தெரியாது. ஆவியில வாசிக்கணும்."

"ஆவியில இட்லிதான் வேகும். எழுத்துல காட்டுங்க. சபை உபத்திரவத்துக்குள்ள போயித்தான் வெளிய வரும். தப்பிச்சு ஓட வழி இருக்குன்னு சொல்றவன் கள்ளத் தீர்க்கதரிசி."

அவ்வளவுதான். அடுத்த மாதம் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் இன்னொரு தகரக் கொட்டகை எழும்பியது. பாதி ஜனம் அங்கே போனது. இங்கே ஒரு ஸ்பீக்கர் வைத்தால் அங்கே இரண்டு. நடுவில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் இரண்டு உலக முடிவையும் சேர்த்துக் கேட்டார்கள்.

இதோடு போயிருந்தால் நான் எழுத வேண்டியதில்லை. துர்உபதேசக்காரர்கள் வீட்டில் கை நனைக்கக் கூடாது என்று போதகர் சொன்னார். அதையே அத்தானும் சொன்னார். அக்காள் வீடு எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. அவள் வருவது நின்றது. வீட்டில் பட்டாசுப் பெட்டி ஒட்டுகிறவள், பசை காய்கிற நேரத்தில் ஓடிவந்து அம்மா காலுக்கு மருந்து போட்டுவிட்டுப் போவாள். அதுவும் நின்றது. அம்மா வாசலில் உட்கார்ந்து அந்தத் தெருமுனையையே பார்ப்பாள். "வாம்மா, நான் கூட்டிட்டுப் போறேன்" என்றால், "பாஸ்டர் ஐயா என்ன சொல்லுவாகளோ" என்பாள்.

நான் சிவகாசியில் ஒரு ஆப்செட் அச்சகத்தில் மிஷின் ஓட்டுகிறேன். காலண்டர் சீசனில் இரண்டு சபை ஆர்டரும் எங்களிடமே வந்தது. இரண்டுமே கடைசிக் காலத்தை வரைந்த படம். ஒரே வானம், ஒரே ஏழு தலை மிருகம், ஒரே அக்கினிக் கடல். சபை மேலே போகிற அம்பு மட்டும் ஒன்றில் மிருகத்துக்கு இந்தப் பக்கம், மற்றதில் அந்தப் பக்கம். டிசைன் போடுகிற பையன் கம்ப்யூட்டரில் அம்பைப் பிடித்து ஒரு சாண் நகர்த்தினான். வேலை முடிந்தது. எங்கள் முதலாளி முருக பக்தர். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார்: "ஏம்ப்பா, எப்படியும் வரத்தான போறாரு? வந்தப்புறம் அவர்ட்டயே கேட்டுக்கிற வேண்டியதுதான. இப்ப எதுக்கு அடிச்சுக்கிறீக?" ஒரு சாண் அம்புக்காக என் அம்மா காலில் புண் சீழ் வைத்துக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு வந்த வெயில் காலத்தில் ஒரு மத்தியானம், ஊருக்கு மேற்கே ஒரு ஆபீஸ் வெடித்தது. நான் வேலையில் இருந்தேன். அக்காளும் அம்மாவும் பிற்பாடு சொன்னதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

அம்மா மாத்திரை போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். மந்தக் காதுக்குச் சத்தம் எட்டவில்லை. விழித்து வெளியே வந்தால் தெருவில் ஒரு ஆளில்லை. கதவுகள் எல்லாம் திறந்து கிடந்தன. அன்றைக்குத் தண்ணீர் வரும் நாள். குழாயடியில் குடங்கள் வரிசையாக நிற்க, முதல் குடம் நிரம்பித் தெருவில் வழிந்துகொண்டிருந்தது. எங்கள் ஊர்ப் பெண்கள் பிள்ளையை விட்டுவிட்டுப் போனாலும் போவார்கள், குழாயடியில் முறையை விட்டுப் போக மாட்டார்கள். அதைப் பார்த்ததும் அம்மாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எடுத்துக்கொண்டு போய்விட்டார். தான் விடுபட்டாயிற்று.

ஜனமெல்லாம் புகையைப் பார்த்து ஆபீஸ் வாசலுக்கு ஓடியிருந்தது. யார் வீட்டு ஆள் உள்ளே இருக்கிறதோ என்று.

அம்மா குழாயை மூடினாள். பிறகு அந்தக் காலை இழுத்துக்கொண்டு அக்காள் வீட்டுக்கு நடந்தாள். ரகசிய வருகை இல்லை என்று சொன்ன வீடு அது. அதனால் மகள் கட்டாயம் விடுபட்டிருப்பாள், இரண்டு பேருமாக உபத்திரவத்தைக் கழித்துவிடலாம் என்று நினைத்திருக்கிறாள். அங்கேயும் கதவு திறந்து கிடந்தது. பெட்டிகள் பாதி ஒட்டிக் கிடந்தன. அடுப்பில் சோறு பொங்கி வழிந்தது. போதகர் சொன்ன அதே சோறு. கிண்டுகிறவள் இல்லை.

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். உலகம் முடிந்தாலும் சோறு அடிப்பிடிக்கக் கூடாது அவளுக்கு.

வெடித்தது அத்தான் ஆபீஸ் இல்லை என்று தெரிந்து அக்காள் திரும்பி வந்தாள். படியில் அம்மா.

"ஏட்டி, நீ போகலையா?"

"எங்கம்மா?"

"மேல."

அக்காளுக்கு விளங்க நேரம் ஆனது. விளங்கியதும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்ததாம். "ஏம்மா, குழாயடியில நின்ன பூசாரி பொண்டாட்டியையுமா ஆண்டவரு கூட்டிட்டுப் போவாரு?"

"அவளுக்குக்கூட எரக்கம் கெடைச்சிருச்சு, எனக்குத்தான் இல்லன்னு நெனச்சேன் தாயி."

அன்றைக்கு அம்மா அங்கேயே சாப்பிட்டாள். அதன் பிறகு அக்காள், அத்தான் என்ன கத்தினாலும், தினம் எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஆனால் அம்மாவிடம் ஒன்று புதிதாகச் சேர்ந்துகொண்டது. கண்ணை விட்டு யார் விலகினாலும் சொல்லிவிட்டுப் போக வேண்டும். கடைக்கு, கொல்லைக்கு, எங்கே போனாலும் காதருகே வந்து, "போயிட்டு வாரேன்" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். சொல்லாமல் போனால் திரும்பி வருகிறவரை உடம்பு நடுங்கும்.

அந்த ஞாயிறு அத்தான் இதை மைக்கில் சாட்சியாகச் சொன்னார். "கள்ள உபதேசத்தோட கனியப் பாருங்க. எங்க அத்தையே..." என்று ஆரம்பித்தார். கொட்டகை சிரித்தது. எதிர்க் கொட்டகையில் உட்கார்ந்திருந்த அம்மாவின் மந்தக் காதுக்கு அந்த ஸ்பீக்கர் மட்டும் நன்றாகக் கேட்டது. போதகர் வீட்டுக்கு வந்தார், ஆறுதல் சொல்ல அல்ல. அந்த வீட்டில் சாப்பிட்டதால் சபையில் இனி இராப்போஜன அப்பம் கிடையாது என்று சொல்ல வந்தார்.

"சபைக்கு முன்னால நின்னு, எம் மக வஞ்சகத்துல இருக்கா, நான் அங்கன போனது தப்புன்னு அறிக்கை பண்ணுங்கம்மா. நானே அப்பத்த எடுத்துத் தாரேன்."

அம்மா அந்த அப்பத்துக்காக உயிரை விடுவாள். ஆனாலும் சொன்னாள்: "எம் மக வீட்டுக்குப் போனத நான் தப்புன்னு சொல்ல மாட்டேன் ஐயா. நீங்க போயிட்டு வாங்க."

அவர் பிறகு வரவே இல்லை. புண் காலிலிருந்து மேலே ஏறியது. அம்மா படுத்த பிறகும் ஞாயிற்றுக்கிழமை காலையில் முகம் கழுவிவிடச் சொல்வாள். அவர் அப்பத்தைக் கொண்டுவந்துவிட்டால் அழுக்கு முகத்தோடு வாங்கக் கூடாதே என்று. வாங்காமலேயே செத்தாள்.

செத்த அன்றைக்கு வேதப்புத்தகத்தோடு முதல் ஆளாகப் போதகர் வந்தார். நான் வாசலை மறித்தேன்.

"உசுரோட இருந்தப்ப வராத ஆளு, பொணத்துக்கு எதுக்கு வாறீக?"

"தம்பி, அம்மா முதலாம் உயிர்த்தெழுதல்ல எந்திரிப்பாகளா, ரெண்டாவதுலயான்னு ஜனங்களுக்கு..."

"அது எங்கம்மாவுக்குத் தெரியும். நீங்க அங்கன நில்லுங்க."

அத்தானும் ஒரு பிரசங்கத்தோடு தயாராக இருந்தார். அவரை அக்காளே நிறுத்தினாள். கல்லறைத் தோட்டத்தில் அவள்தான் ஜெபம் பண்ணினாள். அதில் உபத்திரவத்துக்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை, மிருகமும் இல்லை. "ஆண்டவரே, எங்கம்மாவப் பாத்துக்கோங்க" என்றாள், அவ்வளவுதான். மண் போட்டாயிற்று. எல்லோரும் காலைத் தட்டிக்கொண்டு திரும்பினோம். சாவுக்கு வந்தவர்கள் சொல்லிக்கொள்ளாமல் போவதுதான் வழக்கம். அக்காள் மட்டும் திரும்பக் குழியருகே போய்க் குனிந்தாள். மந்தக் காதுக்குப் பேசுகிற சத்தத்தில் சொன்னாள்:

"அம்மா, வீட்டுக்குத்தான் போறேன். போயிட்டு வாரேன்."

கூட்டம் திடுக்கிட்டது. "ஏட்டி, கல்லறையில நின்னு போயிட்டு வாரேன்னா சொல்லுவாக?" என்று அத்தான் பாய்ந்தார். "அப்படிச் சொல்லக் கூடாதும்மா" என்று போதகரும் தலையை ஆட்டினார். இத்தனை வருஷத்தில் இந்த இரண்டு பேரும் ஒத்துப்போனது இந்த ஒன்றில்தான்.

அக்காள் இருவரையும் பார்க்கவில்லை. "சொல்லாமப் போனா அது பயந்துக்கிரும்" என்று என்னிடம் சொல்லிவிட்டு நடந்தாள்.