ரஃபேல், சுகோய், தெரியாது

சவரிநாதன் இறந்த செய்தியை என்னிடம் கொண்டு வந்தவள் மீன்காரி அஞ்சலை. செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்குக் கூடையை வாசலில் இறக்கியவள், என்றும்போல மீனின் பெயரைச் சொல்லாமல் நின்றாள்.

"யம்மா, சொல்தா பூட்டாராம்மா."

பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய எவரையும் புதுச்சேரியில் சொல்தா என்றுதான் அழைப்போம். என் வீட்டைச் சுற்றி மட்டும் நான்கு பேர் இருக்கிறார்கள். எந்தச் சொல்தா என்று கேட்டேன்.

"அதாம்மா, உங்க வூட்டுக்காரரோட ஏரோப்ளேன் சண்ட போடுவாரே, அவருதான். தேங்காத்திட்டுல இருந்து வர்ற வழியில பார்த்தேன், வாசல்ல சேர் போட்டுக்கினு இருக்காங்க. விடியகாலைல நெஞ்சு வலியாம். உங்களுக்கு இன்னும் ஆளு வந்து சொல்லலியா?"

ஆள் வந்து சொல்லவில்லை. நான் மீனை வாங்கினேன். ஏன் வாங்கினேன் என்று தெரியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை போனேன். வீட்டுப் புடவையோடு வந்துவிட்டதைக் கண்டு திரும்பினேன். மாற்றிக்கொண்டு மறுபடியும் போனேன். அன்றிலிருந்து அரை மணி நேரம்கூட ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. இதையே சாப்பாட்டு மேசையில் தொடங்கி, மாடிக்குப் போய், திரும்பக் கீழே வந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

துக்க வீட்டு வாசலில் நம் வாசகர் வட்டத்து உறுப்பினர்கள் இருவர் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. "பாவம், கடைசி வரைக்கும் ரஃபேல் ரஃபேல்னே இருந்தாரு" என்றார் ஒருவர். "பென்ஷன் அங்கேருந்து வருதில்ல" என்றார் மற்றவர். பென்ஷன் பிரான்சிலிருந்து வந்தது உண்மை; அதனால் அவர் பிரெஞ்சு விமானமான ரஃபேலின் பக்கம் பேசினார் என்பது பொய். இந்தப் பொய் இந்த ஊரில் உலவுவதற்குக் காரணம் நான். நம் வட்டத்தின் இதழுக்கு அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படி தலைவர் கேட்டபோது உடனே ஒப்புக்கொண்டது இதற்காகத்தான்.

அவர் வட்டத்துக்கு வந்த முதல் நாள் சிலருக்கு நினைவிருக்கலாம். அன்று பேச வந்தவரை அவர் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. தலைக்கு மேல் சுற்றிய மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். செயலாளர் என்ற முறையில் எனக்குக் கோபம். கூட்டம் முடிந்ததும் அவரே என் மேசைக்கு வந்தார். "மதாம், பேசுனவரு நல்லாத்தான் பேசுனாரு. ஆனா அந்த ஃபேன்ல இருக்கிற பேரிங் இன்னும் சத்தமா பேசுது. மாத்திடுங்க" என்றார். நாங்கள் மாற்றவில்லை. அடுத்த கூட்டத்தின் நடுவில் மின்விசிறி நின்றது. எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தோம். அவர் கைக்குட்டையால் விசிறிக்கொண்டு பேச்சாளரைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

பிரான்சில் மிராஜ் போர் விமானங்களுக்கு எஞ்சின் மெக்கானிக்காக இருந்தவர் அவர். என் கணவர் தணிகாசலம் இந்திய விமானப்படையில் எஞ்சின் ஃபிட்டர். பணியின் கடைசி இரண்டு ஆண்டுகள் அப்போது புதிதாக வந்திருந்த சுகோய் விமானங்களில் வேலை பார்த்தார். ரொட்டிக் கடையில் இருவரும் ஒரே நேரத்தில் ரொட்டியைத் திருப்பி, நன்றாக வெந்திருக்கிறதா என்று அடிப்பாகத்தை விரலால் தட்டிப் பார்த்திருக்கிறார்கள். நட்பு அப்படித் தொடங்கியது. அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் கூடத்தில் சண்டை. "முசே, ஒண்ணு நின்னாலும் இன்னொண்ணு வூடு கொண்டாந்து சேர்க்கும்!" என்று என் கணவர் மேசையைத் தட்டுவார். நான் சமையலறையில் இருப்பேன். பாதிப் பேச்சுதான் எனக்கு வந்து சேரும். மீதிப் பாதியைக் கேட்க வேண்டும் என்று எனக்கு அப்போது தோன்றியதில்லை.

என் கணவர் இறந்து, அவரை எடுத்துச் சென்ற நாளில் சவரிநாதன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வெயிலில் நின்றார். பந்தலுக்குள் வரச் சொல்லியும் வரவில்லை. அடுத்த ஞாயிறு ஒரு ரொட்டியோடு வந்து, "அவரு வாங்குற நாளு இது" என்று வாசலிலேயே கொடுத்துவிட்டுப் போனார். ஓராண்டு அப்படிக் கொடுத்தார். ஒரு ஞாயிறும் உள்ளே வந்து உட்கார்ந்ததில்லை.

சென்ற ஆண்டு எல்லோர் வாயிலும் போர் விமானங்களின் பெயர்கள் புழங்கின. நம் வட்டத்திலும் ரஃபேலா, சுகோயா என்று பேச ஒருவர் வேண்டும் என்றார்கள். சவரிநாதன் ஒத்துக்கொண்டார். "நான் ரெண்டையும் தொட்டது கிடையாது. அதை முதல்ல சொல்லிடுங்க" என்பது மட்டும் அவருடைய நிபந்தனை. சொன்னேன்.

சுவரில் ஒரு பெரிய வெள்ளைத் தாளை ஒட்டி, மூன்று கட்டங்களாகப் பிரித்தார். முதல் கட்டத்தின் தலையில் ரஃபேல். இரண்டாவதில் சுகோய். மூன்றாவதில் 'தெரியாது'. முதல் இரண்டையும் பேனாவால் எழுதினார். மூன்றாவதற்குச் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார். ஏன் பென்சில் என்று கேட்டேன். "தெரியாததைப் பேனாவுல எழுதக் கூடாது மதாம். நாளைக்குத் தெரிஞ்சா அழிக்கணும் இல்ல?" என்றார்.

வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற கோவிந்தராசுவுக்குப் பொறுமை கிடையாது என்பது நமக்குத் தெரியும். "சொல்தா, ஒரே வார்த்தைல சொல்லுங்க. எது ஜெயிக்கும்?"

"எந்த வேலைக்குன்னு நீங்க சொல்லுங்க, எதுன்னு நான் சொல்றேன். நாளைக்கு குடும்பத்தோட விழுப்புரம் போகணும்னா பஸ்ஸா, ஸ்கூட்டரா?"

"பஸ்தான்."

"மார்க்கெட்டுக்குப் போயி அரை கிலோ கத்திரிக்கா வாங்கணும்னா?"

"ஸ்கூட்டரு."

"அப்ப பஸ் தோத்துப்போச்சா?"

அறை சிரித்தது. அவர் எழுதத் தொடங்கினார். நெடுந்தூரம் போய் நெடுநேரம் வானில் நிற்க வேண்டும், மிகக் கனமான ஏவுகணையைச் சுமக்க வேண்டும் என்றால் சுகோய் என்று எழுதினார். அது பெரிய விமானம். உள்ளேயே நிறைய எரிபொருள் கொள்ளும். இரண்டு பேர் உட்கார்ந்து வேலையைப் பகிர்ந்துகொள்ளலாம். எதிரியின் ரேடாரில் அவ்வளவு எளிதாக அகப்படாமல் போக வேண்டும், ஒரே பயணத்தில் வானத்து வேலையையும் தரை வேலையையும் மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும் என்றால் ரஃபேல் என்று எழுதினார். உருவத்தில் சிறியதானாலும் ஏறக்குறையத் தன் வெற்று எடை அளவுக்கே அது சுமை தூக்கும் என்றார். விளம்பரத்தில் போட்டிருக்கும் உச்ச வேகத்தை மட்டும் இரண்டுக்குமே எழுத மறுத்தார். "அது ஒண்ணும் மாட்டாம வெறும் உடம்போட பறக்குற வேகம். ஏவுகணை, கூடுதல் டாங்க் எல்லாம் மாட்டிக்கினா அது வராது. கல்யாணத்துக்கு முந்தி நான் எவ்ளோ வேகமா நடந்தேன்னு கேட்டு இன்னா பண்ணப் போறீங்க?"

மூன்றாவது கட்டம் தாளின் அடிவரை நீண்டது. விமானிக்கு எத்தனை மணி நேரப் பயிற்சி? தெரியாது. சண்டை நடந்த அன்று காலை விமானக் கொட்டகையில் பறக்கத் தயாராக இருந்தவை எத்தனை? தெரியாது. எதிரியின் ரேடாரைக் குழப்பும் கருவி உண்மையில் எவ்வளவு குழப்பும்? தெரிந்தவர் சொல்ல மாட்டார், சொல்பவருக்குத் தெரியாது என்றார்.

"தெரியாதுன்னு சொல்லவா சொல்தா, இம்மாம் பெரிய பேப்பரு?" என்றார் கோவிந்தராசு.

"ஆமா. எல்லாம் தெரிஞ்சவங்க டிவில இருக்காங்க. ராத்திரி எட்டு மணிக்கு அவங்களக் கேளுங்க."

எனக்கு அந்தச் சிரிப்பில் கலந்துகொள்ள முடியவில்லை. சுகோயின் எஞ்சினைக் கையால் தொட்டு வேலை செய்த மனிதர் என் கணவர். அவருடைய பேச்சு ஒன்றுகூட அந்தத் தாளில் ஏறவில்லை என்பது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. எழுந்து நின்றேன்.

"சுகோய்க்கு ரெண்டு எஞ்சின். ஒண்ணு நின்னாலும் இன்னொண்ணு வீடு கொண்டுவந்து சேர்க்கும். என் வீட்டுக்காரர் இதை உங்களிடம் எத்தனை தடவை சொல்லியிருக்கார்? ஏன் எழுதலை?"

அவர் திரும்பி, எனக்கு மட்டும் கேட்கும்படியாகத்தான் சொன்னார். "ரஃபேலுக்கும் ரெண்டுதான், மதாம்."

முன்வரிசையில் இருந்த கோவிந்தராசுவுக்கும் அது கேட்டுவிட்டது. அவர் சிரித்தார். பின்வரிசை வரை சிரிப்பு போயிற்று. அந்த அறையில் எத்தனையோ பேரை மணியடித்து உட்கார வைத்திருக்கிறேன். என்னைப் பார்த்து எவரும் சிரித்ததில்லை.

"உங்கள் பிரெஞ்சுப் பென்ஷன் பேசுது, முசே சவரிநாதன்" என்றேன்.

அவர் பேனாவை மூடினார். "அலோர், சரி, இன்னிக்கு இது போதும்" என்று தாளைச் சுவரிலிருந்து பிரித்தார். ஓரம் கிழியாமல் மெதுவாகப் பிரித்தார். சுருட்டி என் கையில் கொடுத்தார். "வச்சிக்குங்க மதாம். இன்னும் முடியல."

அந்த ஒரு வாக்கியம் ஊருக்குள் வேகமாகப் போயிற்று. ரொட்டிக் கடையில், சலூனில், கோயில் வாசலில் அவர் வாயைத் திறந்தாலே, "பென்ஷன் பேசுதுடா" என்று எவராவது சிரிக்கத் தொடங்கினார்கள். சுகோய்க்கு அவர் தன் கையால் எழுதிய வரிகள் எவருக்கும் நினைவில்லை. தாள் என் அலமாரியில் சுருண்டு கிடந்தது. நான் அதை விரித்துக் காட்டியிருக்கலாம்.

அடுத்த மாதக் கூட்டத்தில், நிகழ்ச்சி தொடங்கும் முன் அவர் இரண்டு நிமிடம் கேட்டார். கொடுத்தேன்.

"போன மாசம் மதாம் வீட்டுக்காரரு சொன்னதா ஒரு பேச்சு வந்துச்சு. வீட்டுக்குப் போயி யோசிச்சேன். தணிகாசலம் சார் அதை எங்கிட்ட சொன்னது சுகோயை மிராஜோட ஒப்பிட்டு. நான் வேலை செஞ்ச மிராஜுக்கு ஒத்த எஞ்சின்தான். அவரு சொன்னது சரி. அவரு தப்பா சொன்னதா ஆயிடக் கூடாது. நோட்டுல எழுதிக்குங்க."

சொல்லிவிட்டு அவர் உட்காரவில்லை. என்னைப் பார்த்து நின்றார். நான் படித்த கான்வென்ட்டில் ஒரு வழக்கம் உண்டு. தவறு செய்தவள் எழுந்து நின்று, வகுப்பு முழுவதற்கும் கேட்கும்படி அதைச் சொல்ல வேண்டும். மன்னிப்பு அதற்குப் பிறகுதான். எழுபது வயதுக்கு மேலும் அந்த வழக்கத்தை எல்லோரிடமும் எதிர்பார்க்கிறவள் நான். என் முறை வந்துவிட்டது என்பது எனக்குத் தெரிந்தது. அறைக்கே தெரிந்தது. அவர் மேலும் எதையோ சொல்ல உதட்டைப் பிரித்தார்.

நான் மணியை அடித்தேன். "அடுத்து, சென்ற கூட்டத்தின் அறிக்கை" என்றேன். அவர் உட்கார்ந்தார்.

அதன் பிறகும் அவர் ஒரு கூட்டத்தையும் தவறவிடவில்லை. மாதம் ஒருமுறை, கூட்டம் கலைந்த பிறகு, என்னிடம் தாளை வாங்கி விரிப்பார். எங்கேனும் நம்பத்தகுந்ததாக ஒன்றைப் படித்திருந்தால் மூன்றாவது கட்டத்தில் ஒரு வரியை ரப்பரால் அழித்து, உரிய கட்டத்தில் பேனாவால் எழுதுவார். அப்படி இடம் மாறியவை இரண்டே வரிகள். ஒன்று ரஃபேலுக்குப் போயிற்று, ஒன்று சுகோய்க்கு. என்னை எப்போதும்போல மதாம் என்றே அழைத்தார்.

மூன்று முறை அவர் வீட்டுப் பக்கம் போனேன். ஒருமுறை அவர் பக்கத்து வீட்டாரின் ஸ்கூட்டரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். "உள்ள வாங்க மதாம், கை கழுவிட்டு வந்துர்றேன்" என்றார். "இல்லை, சும்மா இந்தப் பக்கம் வந்தேன்" என்றேன். பகல் இரண்டு மணி, சித்திரை வெயில். சும்மா வருகிற நேரமா? அவர் என்னையும் என் குடையையும் பார்த்துவிட்டு, "பார்த்துப் போங்க" என்றார்.

சவ அடக்கத்துக்குப் பிறகு வீட்டுக்கு வந்து வட்டத்தின் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். அவர் பேசிய நாளின் பக்கத்தில் என் கையெழுத்தில், 'உரைக்குப் பின் கலந்துரையாடல் நடைபெற்றது' என்று இருக்கிறது. அவ்வளவுதான். என் வாக்கியத்தை நான் எழுதவில்லை. அடுத்த மாதப் பக்கத்தில் என் கணவருக்காக அவர் செய்த திருத்தம் மட்டும் ஒரு எழுத்துப் பிசகாமல் இருக்கிறது. எழுதாத ஒன்றைத் திரும்பப் பெற முடியாது. எனவே முதலில் எழுதுகிறேன்.

சவரிநாதன் இரண்டு விமானங்களையும் நேர்மையாக ஒப்பிட்டார். அவருடைய பென்ஷன் பேசுகிறது என்று செயலாளராகிய நான் சொன்னேன். அது பொய். என்னைப் பார்த்துச் சிரித்தார்கள் என்பதற்காகச் சொன்னேன். அந்த வாக்கியத்தைத் திரும்பப் பெறுகிறேன். அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று இதையே படிப்பேன்; குறிப்பேட்டில் இரண்டையும், சொன்னதையும் திரும்பப் பெற்றதையும், ஏற்ற வேண்டும். அன்று மணி கோவிந்தராசுவிடம் இருக்கட்டும். சிரிக்க விரும்புகிறவர்கள் சிரிக்கலாம்.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தத் தாள். கூட்டத்தன்று அதை மறுபடியும் சுவரில் ஒட்டுவேன். ரஃபேல் ரஃபேல் என்று சொல்கிறவர்கள் அருகில் வந்து இரண்டாவது கட்டத்தைப் படிக்கட்டும். நேற்று மாலை அதைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, நான்கு மூலையிலும் டம்ளர்களை வைத்தேன். மூன்றாவது கட்டத்தின் அடியில் ஒரு வரிக்கு இடம் இருந்தது. 'செயலாளர் மணியடித்தபோது சவரிநாதன் என்ன சொல்ல இருந்தார்?' என்ற கேள்வியை அங்கே எழுத நினைத்தேன். அவர் செய்வதுபோலப் பென்சிலைத்தான் கையில் எடுத்தேன். பிறகு அதை வைத்துவிட்டுப் பேனாவால் எழுதினேன்.