படம் ஒழுகிய துணி

மனிதனுடைய இருதயம் வலது பக்கம் இருக்கிறது என்றுதான் நான் முதலில் படித்தேன். படித்தேன் என்று சொல்லக் கூடாது, பார்த்தேன். எனக்கு எழுத்து தெரியாது. இதைக்கூட நான் சொல்லச் சொல்லப் பேத்திதான் எழுதுகிறாள். ஒன்பதாம் வகுப்பு. நான் பேசுகிற மாதிரியே எழுதடி என்றால், "எனக்குப் பரீட்சைத் தமிழ்தான் வரும் ஆச்சி" என்கிறாள். வரட்டும். அவள் திருப்பி வாசிக்கும்போது நானும் நாலு எழுத்துப் படித்தவள் மாதிரிதான் இருக்கிறது.

சங்கரன்கோவிலில் எங்கள் தெரு முழுக்கத் தறிதான். காலையில் ஒரு வீட்டில் ஆரம்பித்தால் வரிசையாக எல்லா வீட்டிலும் தடார் தடார் என்று கேட்கும். அப்பாவின் அடியை மட்டும் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். அவ்வளவு பலம். அடி பலமாக இருந்தால்தான் நூல் நெருங்கி உட்காரும். அவர் நெய்த துண்டில் தண்ணீரை ஊற்றினால் கீழே இறங்க யோசிக்கும் என்பார்கள். என் தங்கச்சிக்கு அந்தச் சத்தம்தான் தாலாட்டு. தறி நின்றால் விழித்துக்கொண்டு வீறிடுவாள். அதனாலேயே அப்பாவால் ஒரு வாய் தண்ணீர் குடிக்க எழுந்திருக்க முடியாது. அந்தத் தங்கச்சி இப்போது ராயகிரியில் பாட்டியாகிவிட்டாள், இன்னமும் சத்தம் இருந்தால்தான் தூக்கம் வரும் அவளுக்கு. அது வேறு கதை.

அண்ணன் பள்ளிக்கூடம் போனான். நான் போகவில்லை. தறியில் நாடா ஓட வேண்டுமென்றால் அதற்குள் வைக்கிற குச்சியில் நூல் சுற்றித் தர ஒரு ஆள் வேண்டும். தார் சுற்றுவது என்று அதற்குப் பேர். தங்கச்சியை இடுப்பில் வைத்துக்கொள்ளவும் ஒரு ஆள் வேண்டும். இரண்டு ஆளும் நான்தான். எனக்கு ஒன்பது வயது இருக்கும்.

ஒருநாள் அண்ணன் ஓடிவந்து சொன்னான், சயின்ஸ் வாத்தியார் திருநெல்வேலியிலிருந்து பஸ்ஸில் சினிமா மிஷின் கொண்டுவரப் போகிறார் என்று. கதைப் படம் இல்லை, பாடப் படம். ஒவ்வொன்றும் பத்து நிமிஷம். விதை முளைக்கிற படம் ஒன்று, கொசு முட்டை போடுகிற படம் ஒன்று, மனிதனுக்குள்ளே இருதயம் அடிக்கிற படம் ஒன்று. போன வருஷம் சுவரில் காட்டினார்களாம். படத்தில் வந்த கோழிக்குஞ்சை விடச் சுவரில் காரை பெயர்ந்த பொக்கைதான் பெரிதாகத் தெரிந்ததாம். இந்த வருஷம் வெள்ளைத் துணி வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலமே ஹெட்மாஸ்டர் நூலோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். தெருவில் எத்தனையோ தறி இருக்க, எங்கள் வீட்டுக்கு. எனக்குத் தலை கால் புரியவில்லை.

"மூணு துண்டா நெய்து தாரும். மூட்டித் தச்சுக்கிடலாம். உம்ம கை நெருக்கம் ஊருக்கே தெரியும் வே. வெளிச்சம் ஒரு பொட்டு பின்னால போகக் கூடாது, பாத்துக்கிடும்."

"செஞ்சு தாரேன் சார்" என்றார் அப்பா. பிறகு தறியில் நீட்டியிருந்த பாவு நூலைத் தடவிக்கொண்டே, "எம் மவளும் ஒரு ஓரமா இருந்து பாத்துக்கிடட்டுமா?" என்று கேட்டார்.

"எந்தக் கிளாஸ்?"

"கிளாஸ் இல்ல சார். தார் சுத்துதா."

"அப்ப எப்படி வே? போன வருசம் ஒரே ஒரு பிள்ளைய விட்டேன். தபசுத் திருவிழாக் கூட்டம் மாதிரி தெருவே உள்ள வந்து உக்காந்துட்டு. படிக்கிற பிள்ளைகளுக்கு இடம் இல்ல. இந்த வருசம் வேலியத் தாண்டி யாரையும் விடுததா இல்ல."

அவர் சொன்னதில் தப்பு இல்லை. போன வருஷம் அப்படி உட்கார்ந்தவர்களில் என் அம்மாவும் ஒருத்தி.

நான் ராட்டையை நிறுத்தவில்லை. ஆனால் நூல் சிக்கிக்கொண்டது. மனிதனுக்குள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க அத்தனை ஆசை எனக்கு. ஆடு கோழிக்குள் இருப்பதெல்லாம் பார்த்திருக்கிறேன், மனிதனுக்குள் பார்த்ததில்லை.

ஹெட்மாஸ்டர் செருப்பு மாட்டும்போதுதான் அப்பா கேட்டார்.

"துணிய எங்கன கட்டுவிய சார்?"

"பின்பக்கம், வேப்பமரத்துலருந்து வேலிய ஒட்டினாப்புல. ஏன் வே?"

"சும்மா கேட்டேன்."

அந்த வேலிக்கு அந்தப்புறம்தான் எங்கள் தெருக்காரர்கள் பாவு நீட்டுகிற வெளி.

மறுநாள் தறியின் சத்தம் மாறிவிட்டது. தடார் தடார் என்று அடிக்கிறவர், அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுகிற மாதிரி தட், தட் என்று அடித்தார். தங்கச்சி தூங்கவே இல்லை. ஒரு சாண் நெய்ததும் நிறுத்திவிட்டு, என்னைக் கூப்பிட்டு, அரிக்கேன் விளக்கைத் துணிக்குக் கீழே பிடிக்கச் சொன்னார். மேலே இருந்து குனிந்து பார்த்தார்.

"நூலு அறுந்துட்டாப்பா?"

"ம்" என்றார். அதற்கப்புறம் இன்னும் மெதுவாக அடித்தார்.

மூன்று துண்டும் முடிந்தபோது நான் சுற்றி வைத்த தாரில் பாதி கூடையிலேயே கிடந்தது. கை வலிக்கச் சுற்றியது வீணாகப் போனதே என்று எனக்குக் கோபம். அம்மா துண்டுகளை மூட்டித் தைத்துக்கொண்டே அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். அவரும் பார்த்தார். பெரியவர்கள் இப்படிப் பேசாமலே பேசிக்கொள்வது எனக்கு அந்த வயதில் பிடிக்காது.

துணியைக் கொடுக்கப் போகும்போது நானும் இடுப்பில் தங்கச்சியோடு போனேன், அப்பாவை ஹெட்மாஸ்டர் பாராட்டுவதைப் பார்க்க. அவர் துணியை விரித்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். அவருடைய ஐந்து விரலும் இந்தப் பக்கம் தெரிந்தது.

"என்ன வே இது? கொசுவலையா?"

அப்பா தலையைச் சொறிந்தார். "கொஞ்சம் தளந்துட்டு சார்."

"கொஞ்சமா? நாலு தெருவும் உம்ம பேரைச் சொல்லுதேன்னுதான உம்மட்ட வந்தேன். குடுத்த நூலெல்லாம் எங்க?"

அப்பா மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மேஜை மேல் வைத்தார். மிச்ச நூல் முழுவதும் அதில் இருந்தது. ஹெட்மாஸ்டருக்கு அதற்கு மேல் திட்டவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. ஓரத்தில் நின்ற பியூன் மட்டும், "அண்ணாச்சிக்கு வயசாயிட்டு போல" என்று சிரித்தார். அப்பாவுக்கு அப்போது நாற்பதுகூட ஆகவில்லை.

எனக்கு அழுகையாக வந்தது. நூலுக்குப் பங்கம் இல்லாமல் கொடுத்துவிட்டார், சரி. கைக்குப் பங்கம் வந்துவிட்டதே. அன்று சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கக் கொசுவலைக் கதை பரவிவிட்டது. அப்பா என்னவோ வழியில் எனக்குக் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்து, தானும் ஒன்றைக் கடித்துக்கொண்டு நடந்தார்.

அன்று ராத்திரிதான் படம். வேறு துணி நெய்ய நேரம் இல்லை. மறுநாள் காலை பஸ்ஸில் மிஷின் குருவிகுளம் பள்ளிக்கூடத்துக்குப் போயாக வேண்டும். ஆகவே அந்தத் துணியையே கட்டினார்கள்.

பொழுது சாய்ந்ததும் அப்பா என்னிடம், "தங்கச்சியத் தூக்கிட்டு பாவு வெளிக்குப் போ மக்கா. காத்தாட இருக்கும்" என்றார். போனேன். தெருப் பெண்பிள்ளைகள் நாலைந்து பேர் அங்கே பாண்டி ஆடிக்கொண்டிருந்தார்கள்.

அப்போது வேலிக்கு மேலே அந்தத் துணி வெளிச்சமாகிவிட்டது. ஒரு விதை வெடித்தது, வேர் விட்டது, இலை விரித்தது. கண்ணை மூடித் திறப்பதற்குள் செடி. ஒருத்தி பயந்துபோய் என் பாவாடையைப் பிடித்துக்கொண்டாள். படத்துக்குள் பேசுகிற பாஷை யாருக்கும் விளங்கவில்லை. ஆனால் சயின்ஸ் வாத்தியார் அதற்கு மேலே தொண்டை கிழியத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். வேலிக்கு இந்தப்புறமும் நன்றாகக் கேட்டது. நடுநடுவே எழுத்தும் வந்தது. எல்லாம் இடம் வலம் மாறித் தெரிந்தது என்று பிற்பாடு சொன்னார்கள். எந்தப் பக்கம் இருந்து பார்த்தாலும் எழுத்து எனக்கு ஒன்றுதான்.

கொசு முடிந்து இருதயம் வந்தது. ஒரு மனிதன் நின்றான், அம்மா போட்ட தையல் அவன் உடம்பில் மேலிருந்து கீழாக ஓடியது. அவனுடைய நெஞ்சு திறந்து உள்ளே நாலு அறை. மேலே இரண்டு, கீழே இரண்டு. கதவு திறக்கிறது, மூடுகிறது. இரத்தம் போகிறது, வருகிறது. நடு நெஞ்சில் சின்ன நிலா மாதிரி ஒரு விளக்கு விடாமல் எரிந்துகொண்டே இருந்தது. பிள்ளைகளைத் தேடி வந்த பெண்கள் எல்லாரும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

பியூன் எங்களைப் பார்த்துவிட்டார். அவர் கத்தியது இன்றைக்கும் காதில் இருக்கிறது. "சார், படம் அந்தப் பக்கம் ஒழுகுது."

ஹெட்மாஸ்டர் டார்ச் லைட்டோடு வேலிக்கு வந்தார். வெளிச்சத்தை எங்கள் முகங்களில் ஒவ்வொன்றாக அடித்தார். என் முகத்தில் கொஞ்ச நேரம் நின்றது. படத்தை நிறுத்தப்போகிறார், அப்பாவைத் திரும்பவும் கூப்பிட்டுத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் டார்ச்சை அணைத்தார்.

"வேலிக்கு உள்ள ஒருத்தி வரப்படாது, சொல்லிட்டேன். அங்கனயே இருங்க. சத்தம் வந்தா தொலிய உரிச்சிருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாங்கள் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டோம்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணனுக்கும் எனக்கும் சண்டை.

"இருதயம் இடது பக்கம்ட்டி."

"வலது பக்கம். நான் பாத்தேன்லா. உள்ள விளக்குகூட எரிஞ்சுது."

"விளக்கும் இல்ல, ஒண்ணும் இல்ல. பள்ளிக்கூடத்துக்குப் போகாத கழுத, எனக்குப் பாடம் சொல்லுதியோ?"

நான் நேராகத் தறிக்குப் போனேன். குழியில் கால் போட்டு உட்கார்ந்திருந்த அப்பாவின் நெஞ்சில் காதை வைத்தேன். வலது பக்கம் ஒன்றும் பெரிதாக இல்லை. இடது பக்கம் வைத்தேன். எங்கள் வீட்டுத் தறி மாதிரியே அடித்தது.

பிறகு எழுந்து அப்பாவின் முதுகுப் பக்கம் போய் நின்று பார்த்தேன், திரும்ப முன்னால் வந்து நின்று பார்த்தேன்.

"நான் பின்னால இருந்து பாத்திருக்கேன்ப்பா. அதான் மாறிட்டு. அவன் சொன்னதுதான் சரி."

அப்பா சிரித்த சிரிப்பில் தங்கச்சி விழித்துக்கொண்டாள். "ஏலே, இங்க வா" என்று அண்ணனைக் கூப்பிட்டு, "உனக்கு வாத்தியாரு சொல்லித் தந்தாரு. எம் மவ அவளா கண்டுபிடிச்சிட்டா, பாத்துக்கோ" என்றார்.

"அப்ப அந்த விளக்கு?" என்று கேட்டேன்.

"நீ பாத்தேல்லா. அப்ப இருக்கும்" என்றார்.

அது மிஷின் வெளிச்சம் துணி வழியாகக் கண்ணில் பட்டது என்று தெரிய எனக்குப் பல வருஷமானது. ஆனால் நாலு அறை மறக்கவே இல்லை. என் வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் இருந்தபோது, நர்ஸம்மா படம் போட்டு விளக்க வந்தாள். எந்தக் கதவு எப்போது திறக்கும் என்று நான் முந்திக்கொண்டு சொல்லிவிட்டேன். "எதுவரைக்கும் படிச்சிருக்கிய?" என்று கேட்டாள். "பள்ளிக்கூடத்து வேலி வரைக்கும்" என்றேன்.

கொசுவலைக் கதையையும் நான் விடவில்லை. கல்யாண வீடு, சடங்கு வீடு எல்லா இடத்திலும் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன், அப்பாவை வைத்துக்கொண்டே. அவ்வளவு பெரிய கைக்காரர் ஒரே ஒரு துணியில் கோட்டை விட்டார், அதனால் எனக்கு ஒரு படம் கிடைத்தது என்று. அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். போய்ச் சேரும்வரை சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

போன மாதம் பேத்தி செல்போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு அறை, கதவு என்று காதில் விழுந்தது. அதே இருதயம். சின்னச் சின்னப் படமாகப் பள்ளிக்கூடத்திலிருந்தே அனுப்புகிறார்களாம். எனக்கு ஒரே சந்தோஷம். வேகமாகப் போய் எதிரே உட்கார்ந்தேன். போனின் கறுப்பு முதுகுதான் தெரிந்தது.

"பின்னால இருந்தா எப்படி ஆச்சி தெரியும்? படம் அந்தப் பக்கமெல்லாம் வராது. இங்கன வாங்க" என்றாள்.

நான் எழுந்திருக்கவில்லை. அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

துணியை எங்கே கட்டுவீர்கள் என்று அவர் கேட்டது. விளக்கைக் கீழே பிடிக்கச் சொல்லி மேலே இருந்து பார்த்தது. காத்தாட இருக்கும் போ என்றது. எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. கேட்கலாம் என்றால் அப்பா இல்லை. அந்தத் துணியை நெய்த பகல் முழுவதும் அவர் தட், தட் என்று பூவைத் தொடுகிற மாதிரி அடித்துக்கொண்டிருந்தார். அப்பாவுக்குக் கை ஓய்ந்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டு, நான் பக்கத்தில் உட்கார்ந்து, வேண்டாத தாரைச் சுற்றிக்கொண்டே இருந்தேன்.