வாக்கி டாக்கிக்கு ஒரு லேபிள்

என் அம்மா எந்தப் பொருளையும் முதலில் கவிழ்த்துத்தான் பார்ப்பாள். ரிமோட் கார், புளூடூத் ஸ்பீக்கர், வயர்லெஸ் மவுஸ் எதுவானாலும் அதன் முகத்தை விட முதுகுதான் அவளுக்கு முக்கியம். முதுகில் அனுமதி எண் அச்சிட்ட லேபிள் இல்லையென்றால் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவாள். மாரெட்பள்ளியில் நாங்கள் வழக்கமாகப் போகும் கடைக்காரர், எங்கள் தலையைக் கண்டதுமே பொருளைக் கவிழ்த்துப் பிடித்தபடிதான் நீட்டுவார். எனக்கு மானம் போகும்.

மல்லாபூரில் வயர்லெஸ் காலிங் பெல் தயாரிக்கும் சிறிய தொழிற்சாலை ஒன்றில் அம்மாவுக்குத் தரம் பார்க்கும் வேலை. காற்றில் அலை அனுப்பும் கருவி எதுவானாலும், அதன் மாதிரி ஒன்றைச் சோதனைக்குக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். அந்த அனுமதியின் எண்ணைத்தான் லேபிளில் போடுவார்கள். வெளியே போகும் ஒவ்வொரு பெல்லும் சோதனைக்குக் கொடுத்த மாதிரியேதான் என்று கையெழுத்துப் போடுவது அம்மாவின் பொறுப்பு. இதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. ஒன்பது வயதில் எனக்குத் தெரிந்தது, அம்மா ஸ்டிக்கர் ஆபீஸில் வேலை பார்க்கிறாள் என்பது மட்டும்தான். வகுப்பில் அப்படித்தான் சொல்லி, ஓரளவு மரியாதையும் சம்பாதித்திருந்தேன்.

அந்தக் கோடை லீவுக்குச் சற்று முன்பு மாமா வந்தார். அம்மாவின் தம்பி, சரக்குக் கப்பலில் வேலை. வருஷத்தில் இரண்டு மாதம் எங்கள் வீட்டில் தங்குவார். அந்த முறை எனக்காக ஒரு ஜோடி வாக்கி டாக்கி கொண்டுவந்திருந்தார். மஞ்சள் நிறம், குட்டை ஆன்டெனா. மேல்மாடித் தோழியிடம் ஒன்றைக் கொடுத்து, படுத்துக்கொண்டே பேசுவதாக நான் மனதுக்குள் திட்டம் போட்டு முடிப்பதற்குள் அம்மா அதை வாங்கிக் கவிழ்த்துவிட்டாள்.

"இதுல நம்பர் எங்கடா?"

"பொம்மைக்கு என்னக்கா நம்பரு? பாப்பா வெளையாடட்டும்."

"மூணு கிலோமீட்டர் பேசுமுன்னு பெட்டியில போட்டிருக்குது. இது பொம்மையா? எந்த அலைவரிசைன்னே தெரியல. வேண்டாம்."

வாக்கி டாக்கி பீரோவின் உச்சிக்குப் போயிற்று. நான் அழுதேன். மாமா என் பக்கம் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். அவரால் அவ்வளவுதான் முடிந்தது.

அதே வாரம் அம்மா ஆபீஸிலிருந்து லேபிள் தாள் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். வெள்ளி நிறத்தில் சின்னச் சின்னச் சதுரங்கள். சாப்பாட்டு மேஜையில் அதை வைத்துக்கொண்டு அப்பாவிடம் தணிந்த குரலில் ஏதோ பேசுவாள். நான் பக்கத்தில் போனால் பேச்சு நின்றுவிடும். எனக்குப் பேச்சு தேவைப்படவில்லை. தாளைப் பார்த்ததுமே வழி பிறந்துவிட்டது. லேபிள் இல்லாததுதானே குறை?

ஞாயிற்றுக்கிழமை காலை, நாற்காலி மேல் ஏறி வாக்கி டாக்கிகளை இறக்கினேன். இரண்டு லேபிள்களை உரித்து, கோணாமல் ஒட்டி, நகத்தால் நீவிவிட்டேன். பிறகு பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த அம்மாவிடம் கொண்டுபோய் முதுகுப் பக்கம் தெரிய நீட்டினேன்.

"அம்மா, நீ சரியாப் பாக்கலை. லேபிள் இருக்குது பாரு."

அம்மா வாங்கிப் படித்தாள். இன்னொரு முறை படித்தாள்.

"கண்ணு, இதுல காலிங் பெல்லுன்னு போட்டிருக்குதே."

மாமாவுக்குக் காபி புரையேறியது. "பட்டனை அமுத்துனா யாராச்சும் கதவைத் தொறப்பாங்களா பாப்பா?" என்றார். அப்பா செய்தித்தாளுக்குப் பின்னால் குலுங்கினார். அம்மாவும் சிரித்தாள், கண்ணில் நீர் வரும் வரை சிரித்தாள். எனக்கு ஒரே ஆத்திரம்.

"உங்க ஆபீஸ் லேபிள்தானே? நீ எல்லாத்துக்கும் இதைத்தானே ஒட்டச் சொல்றே?"

"லேபிள் அதேதான் சாமி. உள்ளார இருக்கறது வேற ஆச்சே."

சொல்லிவிட்டு அம்மா சிரிப்பதை நிறுத்தினாள். வேறு யாரோ சொன்னதைக் கேட்டவள்போல அப்படியே உட்கார்ந்திருந்தாள். அப்பா செய்தித்தாளை மடித்தார்.

"இதையே நாளைக்கு அங்கயும் சொல்லிரு," என்றார்.

"சொன்னா என்ன ஆகுமுன்னு தெரியுமில்லீங்களா?"

"தெரியும். சொல்லு."

நான் லேபிள் திருடியதை ஆபீஸில் போய்ச் சொல்லச் சொல்கிறார் என்று நினைத்தேன். அம்மா அன்று முழுக்க என்னைத் திட்டாதது அந்தச் சந்தேகத்தை உறுதியாக்கியது. மறுநாள் பள்ளியில் ஒரு பாடமும் ஏறவில்லை. வாசலில் ஜீப் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஜன்னலைப் பார்த்தேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கதவைத் திறந்தது அம்மா. வழக்கமாக ஏழு மணிக்கு வருகிறவள். உள்ளே வெல்லக் கச்சாயம் பொரியும் வாசனை.

"ஆபீஸ்ல சொல்லிட்டியாம்மா?" என்று கேட்டேன்.

"சொல்லிட்டேன். இனிக் கொஞ்ச நாள் வீட்லதான்."

எனக்கு நம்ப முடியவில்லை. திருடியது நான், லீவு அம்மாவுக்கு. மல்லாபூர்க்காரர்களைப் போல நல்லவர்கள் உலகத்தில் இல்லை என்று முடிவு செய்தேன்.

அதற்குப் பிறகு வந்த ஐந்து வாரங்களைப் போல ஒரு லீவு எனக்கு வாய்த்ததில்லை. அம்மா கேரம் ஆடினாள். கீழே கார் நிறுத்துமிடத்தில் என் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். மத்தியானங்களில் அவள் நிறைய போன் பேசினாள், கடிதங்கள் அடித்தாள்; அது ஒன்றும் என் ஆட்டத்தைக் கெடுக்கவில்லை.

ஒருநாள் காலை அம்மா தன்னிடம் இருந்ததிலேயே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, பெரிய ஃபைல் ஒன்றை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். மாமா ஏதோ வேலையாக வெளியே போயிருந்ததால் என்னையும் கூட்டிப்போனாள். எங்கே என்று கேட்டதற்கு, "பேகம்பேட்ல ஒரு லேபுக்கு. வயர்லெஸ் சாமானெல்லாம் சோதிப்பாங்க," என்றாள். நான் ஓடிப்போய் ஒரு வாக்கி டாக்கியைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். என் மனு இவ்வளவு நாள் கழித்து ஏற்கப்பட்டிருக்கிறது.

அங்கே நரைத்த தலையுடன் ஒருவர் அம்மாவை உள்ளே அழைத்துப்போனார். வெளியே உட்கார்ந்திருந்த என்னையும் என் மடியிலிருந்த மஞ்சள் சாமானையும் பார்த்து, அங்கே வேலை செய்யும் அக்கா ஒருவர் நின்றார். அவருக்குத் தமிழ் வராது. எனக்குத் தெலுங்கு வரும். விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்காமல் கேட்டுக்கொண்டு, கனத்த கதவு போட்ட ஓர் அறைக்குக் கூட்டிப்போனார். சுவரெல்லாம் நீலப் பஞ்சுக் கூம்புகள். பேசினால் குரல் வாயோடு நின்றுவிடுகிறது. வாக்கி டாக்கியை நடுவில் வைத்துப் பட்டனை அழுத்தியதும், அங்கிருந்த கருவியின் திரையில் படுத்திருந்த கோடு ஓரிடத்தில் ஊசிபோல் எழும்பி நின்றது.

அந்த இடம், அதாவது அந்த அலைவரிசை, வேறு ஆட்களுக்கு ஒதுக்கியது என்றார் அவர். எங்கேயோ கிரேன் ஓட்டுகிறவருக்குக் கீழேயிருந்து ஒருவர் "நிறுத்து" என்று சொல்லிக்கொண்டிருக்கலாம். அதன் மேல் உன் பேச்சு போய் விழுந்தால்? "அதனால இது நக்கோ, வேண்டாம் பாப்பா."

அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தேன். வெகுநேரம் கழித்து அம்மா வந்தாள். நரைத்த தலைக்காரர் வாசல் வரை வந்து வழியனுப்பினார். அம்மாவின் முகத்தில் அவ்வளவு வெளிச்சம்.

ஆட்டோவில் மெல்லச் சொன்னேன். "பாஸ் ஆகலைம்மா."

"எது?"

"வாக்கி டாக்கி. அங்க பேசக்கூடாதாமா."

அம்மா என்னை இழுத்து அணைத்துக்கொண்டு சிரித்தாள். வழியில் பேக்கரியில் இறங்கி, கேட்காமலேயே ஒரு பெட்டி பிஸ்கட் வாங்கினாள். வீட்டுக்கு வந்தால் அப்பாவுக்கும் அதே சந்தோஷம். மாமா கப்பலுக்குத் திரும்பும்போது வாக்கி டாக்கிகளை எடுத்துப்போனார்.

மல்லாபூரில் பெல்லுக்குள் இருந்த பாகத்தை மலிவானதாக மாற்றிவிட்டுப் பழைய எண்ணையே ஒட்டச் சொன்னார்கள் என்பதும், அம்மா கையெழுத்துப் போட மறுத்த அன்றே வேலை போயிற்று என்பதும், பேகம்பேட் லேபுக்குப் போனது புது வேலை கேட்டுத்தான் என்பதும் நான் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் தெரியவந்தது. லேபிலிருந்து திரும்பிய அன்று சாயங்காலம் மேல்மாடித் தோழியிடம் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். எங்கள் அம்மா நல்ல சேலை கட்டி, தன் சர்டிபிகேட் எல்லாவற்றையும் கொண்டுபோய் என் வாக்கி டாக்கிக்காக ஒரு மணி நேரம் வாதாடினாள். அப்படியும் அவர்கள் மசியவில்லை.