ஜீரோ மேடம்

நாற்காலியின் உயரத்தை அளந்துகொண்டிருக்கிறார். தரையிலிருந்து இருக்கையின் விளிம்பு வரை நாற்பத்துமூன்று சென்டிமீட்டர். நேற்றும் அதே. பதினோரு வருடங்களாக அதே. ஆனாலும் தினமும் காலை எட்டேகாலுக்குக் குனிந்து, டேப்பின் நுனியைக் கட்டைவிரலால் தரையோடு அழுத்தி, கண்ணை இடுக்கிப் பார்த்து, நோட்டில் எழுதிய பிறகுதான் அந்த நாற்காலியில் ஒரு நோயாளியை உட்காரவிடுவார். இதைப் பார்த்துச் சிரித்த துப்புரவுப் பெண்ணிடம் ஒருநாள் கேட்டார்: "நாற்காலி வளராதுன்னு எனக்கும் தெரியும். தரை தேயாதுன்னு நீ எழுதிக் குடுப்பியா?"

அடுத்தது கைப்பிடிக் கருவி. பிடியின் வலுவைக் கிலோவில் காட்டுவது. வட்ட முகம், ஒரே ஒரு முள். அதில் பத்துக் கிலோ எடைக்கல்லைத் தொங்கவிட்டு, முள் பத்தில் வந்து நிற்கும் வரை மூச்சுவிடாமல் பார்ப்பார். நின்றதும், ஏதோ ஒரு குழந்தை பரீட்சையில் பாஸ் ஆகிவிட்ட மாதிரி, "ம்" என்று தலையாட்டுவார்.

வயது ஐம்பத்திரண்டு. படித்தது பிசியோதெரபி. ஆனால் யாருக்கும் பயிற்சி கொடுத்துப் பல காலம் ஆகிறது. மருத்துவமனையின் மூன்றாவது மாடியில் நடக்கும் ஓர் ஆராய்ச்சிக்காக அளப்பது மட்டும்தான் இப்போது அவர் வேலை. பக்கவாதம் வந்தவர்களை இரண்டு குழுவாகப் பிரித்து இரண்டு விதமான பயிற்சி தருகிறார்கள். எது மேல் என்பதை இவருடைய எண்கள் சொல்ல வேண்டும். யார் எந்தக் குழு என்று இவருக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் கை தானாக ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்பது விதி. அதனால் உள்ளே வரும் எல்லோரிடமும் முதலில் சொல்வது இதுதான்: "கீழ என்ன பயிற்சி குடுக்கறாங்கன்னு என்கிட்ட மூச்சு விடக் கூடாது. வேற எதை வேணும்னாலும் பேசுங்க." ஆகவே அவரிடம் மாமியார் சண்டையைப் பற்றிப் பேசுவார்கள், மருமகன் குடியைப் பற்றிப் பேசுவார்கள். எல்லாவற்றையும் ஒரே முகத்தோடு கேட்டுக்கொள்வார்.

ஆறு நிமிட நடைக்கு முப்பது மீட்டர் நடைகூடம். ஒவ்வொரு நிமிடமும் அட்டையில் இருக்கும் வாக்கியத்தைப் படிப்பார். "நல்லா நடக்கறீங்க. இன்னும் நாலு நிமிஷம் இருக்கு." ஓடுகிறவருக்கும் அதே குரல், அழுகிறவருக்கும் அதே குரல். ஒரு வார்த்தை கூடாது, குறையாது. "ரயில்வே ஸ்டேஷன்ல அறிவிப்பு சொல்ற அம்மாவையே கூட்டிட்டு வந்துட்டாங்களா?" என்று ஒரு பெரியவர் கேட்டிருக்கிறார். விரல் அசைந்த மாதிரி இருந்தது, அரைக் கிலோ போடுங்களேன் என்று யார் கெஞ்சினாலும், முள் எழவில்லை என்றால் பூஜ்யம்தான். ஜீரோ மேடம் என்ற பெயர் அப்படித்தான் வந்தது. அது தன் காதில் விழுந்தபோது, "நல்ல வேளை, மைனஸ்னு வைக்கல" என்றார்.

முகங்கள் அவருக்கு நினைவிருப்பதில்லை. நடை நினைவிருக்கும். முதுகைக் காட்டி உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பார். வெளியே செருப்புச் சத்தம் கேட்டதும், "இருபத்தேழாம் நம்பர் வர்றாரு" என்பார். அச்சகத்தில் பிழை திருத்தும் அவர் கணவருக்கு இதில் தீராத குறை. "என் முட்டி எத்தனை டிகிரி மடங்கும்னு கேளுங்க, டக்குனு சொல்லுவா. என் பொறந்த நாள் கேளுங்க, முழிப்பா."

ஒரு வருடம் கழித்து எல்லோரையும் மறுபடி அளக்க வேண்டும் என்பதால், வீடுகளுக்குப் போன் செய்வதும் அவர் பொறுப்பு. சிலர் இறந்துபோயிருப்பார்கள். படிவத்தில் அவர்களுக்கான கட்டத்தில் ஒரு கோடு போடுவார். அப்படிக் கோடு போட்ட சில நாட்களில், நடைகூடத்தில் அதே நடையைக் கேட்டிருக்கிறாராம். இடது காலை இழுத்து, வலது காலைக் கொஞ்சம் பலமாக வைக்கும் அதே நடை. திரும்பிப் பார்த்ததுண்டா என்று கணவர் கேட்டார். "எதுக்குப் பாக்கணும்? அவங்க அளவுதான் முடிஞ்சு போச்சே" என்று சொல்லிவிட்டுச் சட்டியில் கரண்டியைத் திருப்பினார்.

இப்படிப்பட்டவரிடம் லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் வந்து சேர்ந்தார்.

வயது நாற்பத்தாறு. பக்கவாதத்தில் இடப்பக்கம் விழுந்திருந்தது. கால் ஓரளவு தேறிவிட்டது, கை தேறவில்லை. மனைவி அந்தக் கையைத் தன் துப்பட்டாவால் தூளி கட்டித் தாங்கிக்கொண்டு வந்தாள். அளக்கும் அறை முன்பு எக்ஸ்ரே எடுத்த அறை. ஜன்னல் கிடையாது, கதவில் ஈயத் தகடு. கதவைச் சாத்தினால் மருத்துவமனையின் இரைச்சல் மொத்தமும் கத்தரித்த மாதிரி நின்றுவிடும். அவரவர் மூச்சு அவரவருக்குக் கேட்கும். நோயாளியைத் தவிர யாரும் உள்ளே இருக்கக் கூடாது என்பதால் மனைவி வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"இடது கையை மேசை மேல வைங்க."

"அது என் கை இல்ல மேடம்," என்றார் மெக்கானிக், மிகச் சாதாரணமாக. "என் தம்பி கை."

மேடம் அசரவில்லை. மூளையின் வலப்பக்கம் அடிபட்டால் சிலர் தங்கள் இடது கையையே அந்நியர் கை என்பார்கள். ஒருவர் அதைத் தன் மாமனார் கை என்று சொல்லிக் கட்டிலிலிருந்து தள்ளிவிடப் பார்த்ததுண்டு. மேடமே அந்தக் கையைத் தூக்கி மேசையில் வைத்தார். உள்ளங்கையின் அகலத்தை அளந்து எழுதிக்கொண்டார்: எட்டு புள்ளி ஆறு. கருவியை விரல்களுக்குள் பொருத்தி அட்டையைப் படித்தார்.

"நான் சொன்னதும் முடிஞ்ச வரைக்கும் இறுக்கிப் பிடிங்க. பிடிங்க... பிடிங்க... பிடிங்க..."

முள் அசையவில்லை.

"விடுங்க."

முள் எழுந்து ஒன்பதில் நின்றது.

அவர் முள்ளைப் பார்த்தார். மெக்கானிக் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார், கருவியில் நடப்பதற்கும் தமக்கும் சம்பந்தமே இல்லாதவர் போல. மூன்று முறை செய்ய வேண்டும். மூன்று முறையும் "பிடிங்க" என்றபோது பூஜ்யம். "விடுங்க" என்றபோது விரல்கள் இறுகின. தசை இழுப்பாக இருக்கும் என்று எண்ணினார். பிடிக்கச் சொன்ன நேரத்துக்கும் விடச் சொன்ன நேரத்துக்கும் இடையில் காட்டுவதுதான் கணக்கு. பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். மெக்கானிக் போன பிறகு எடைக்கல்லை மறுபடி தொங்கவிட்டுப் பார்த்தார். பத்தில் நின்றது.

ஆறாம் வாரம் மறுபடி வந்தார்கள். அதே பூஜ்யங்கள். "விடுங்க" என்றதும் முள் பதினான்குக்குப் போனது. குறித்துக்கொண்டு, கருவியை மெல்ல உருவி எடுத்தபோது அந்தக் கை மேடத்தின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது.

குளிர்ந்த கை. "விடுங்க," என்றார். இறுகியது. "விடுங்கன்னு சொல்றேன்." இன்னும் இறுகியது. எலும்பு வலித்தது. கூப்பிட்டால் கேட்காத அறை.

மெக்கானிக் திரும்பிப் பார்க்கவே இல்லை. "அவன்கிட்ட அந்த வார்த்தையைச் சொல்லாதீங்க மேடம்," என்றார் தணிந்த குரலில். "அன்னைக்கு நான் சொன்ன வார்த்தை அது."

"என்னைக்கு?"

"அவன் விழுந்த அன்னைக்கு. அஞ்சாவது மாடி. லிஃப்ட் பெட்டி மேல நின்னு கேபிள் பாத்துட்டு இருந்தான். கால் வழுக்கிருச்சு. நான் வாசல்ல படுத்து இந்தக் கையால பிடிச்சேன். அவன் என் மணிக்கட்டைப் பிடிச்சான். கை நழுவிருச்சுன்னு ஊர்ல எல்லாருக்கும் சொன்னேன். என் பொண்டாட்டிக்கும் அதையேதான் சொல்லியிருக்கேன்." சுவரைப் பார்த்தபடியே தொடர்ந்தார். "நழுவல மேடம். நானும் சரிஞ்சுட்டே போனேன். விடுடா, நானும் விழுந்துருவேன்னு கத்தினேன். உடனே விட்டுட்டான். அண்ணன் சொன்னா தட்டாத பையன். இப்பதான் கேக்க மாட்டேங்கறான்."

பதினோரு வருடத்தில் அட்டையில் இல்லாத ஒரு கட்டளையை மேடம் எந்தக் கைக்கும் சொன்னதில்லை. அன்று சொன்னார். அந்தக் கையைப் பார்த்துத்தான் சொன்னார்.

"பிடிச்சுக்கோப்பா. பரவாயில்ல. பிடிச்சுக்கோ."

சுண்டுவிரல் முதலில் தளர்ந்தது. அப்புறம் அடுத்த விரல். ஒவ்வொன்றாக நான்கும் தளர்ந்து, கை மேசையில் மல்லாந்து கிடந்தது.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் தன் மணிக்கட்டில் சிவந்து கிடந்த தடத்தை டேப் வைத்து அளந்தார். அளக்காமல் இருக்க அவரால் முடியாது. நான்கு விரல் தடங்களும் சேர்ந்து ஒன்பது புள்ளி நான்கு. படிவத்தை எடுத்துப் பார்த்தார். மெக்கானிக்கின் உள்ளங்கை எட்டு புள்ளி ஆறு. மறுபடி அளந்தார். ஒன்பது புள்ளி நான்கு. தோல் இழுபட்டிருக்கும், என்று தனக்கே சொல்லிக்கொண்டார். அதை எழுதுவதற்குப் படிவத்தில் கட்டம் எதுவும் இல்லை.

பன்னிரண்டாம் வாரம்தான் இக்கட்டு. அன்று ஒரு கிலோவாவது சொந்த முயற்சியில் பிடிப்பவர்கள்தான் ஆராய்ச்சியின் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். பூஜ்யம் என்றால் வெளியே. மேடம் ஆராய்ச்சித் தலைவரான டாக்டரிடம் போய், அந்த ஒருவருக்கு மட்டும் வேறு வார்த்தையில் கேட்கலாமா என்றார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தார்.

"நீங்களா கேக்கறீங்க? ஒருத்தருக்கு ஒரு வார்த்தையை மாத்தினா நானூறு பேரோட கணக்கும் கெட்டுப்போகும்னு எனக்கே பாடம் எடுத்தது நீங்கதானே?"

"நான்தான்," என்றார். திரும்பி வந்துவிட்டார்.

அன்று அட்டையில் இருந்ததை இருந்தபடியே படித்தார். பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். மெக்கானிக் வலது கையால் அந்தக் கையைத் தூளிக்குள் எடுத்து வைத்துக்கொண்டார். வெளியே பெஞ்சில் இருந்த மனைவிதான் படிவத்தில் எண்ணைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். "உங்களுக்குக் கல்லு மனசா மேடம்? மூணு மாசமா இவரைத் தூக்கிட்டு அலையறேனே!" மேடம் பேனாவை எடுத்தார். படிவத்தின் கடைசியில் குறிப்பு என்ற இடத்தில் ஒரு வரி எழுதினார்: "‘விடுங்க’ என்ற சொல்லுக்குப் பிறகு பத்தொன்பது கிலோ."

பிறகு படியிறங்கிக் கீழே புறநோயாளிகள் பிரிவுக்குப் போனார். ஆராய்ச்சியிலிருந்து வெளியேறியவர்கள் அங்கேதான் போக வேண்டும். அங்கே அட்டை கிடையாது, குழு கிடையாது. எந்த வார்த்தையும் சொல்லலாம். அங்கிருந்த பிசியோதெரபிஸ்ட் பெண்ணை ஓரமாக அழைத்தார்.

"நாளைக்கு ஒரு லிஃப்ட் மெக்கானிக் வருவாரு. அவர் கைகிட்ட விடுன்னு சொல்லாதே. பிடிச்சுக்கோன்னு சொல்லிப் பாரு. ஏன்னு என்னைக் கேக்காதே."

ஒரு வருடம் முடிந்தது. பாதியில் வெளியேறியவர்களையும் கடைசியில் அளந்தாக வேண்டும் என்பது விதி. போன் செய்தார். ஒரு முற்பகலில் கணவனும் மனைவியும் வந்தார்கள். தூளி இல்லை.

"பிடிங்க... பிடிங்க... பிடிங்க..."

பதினொன்று.

"விடுங்க."

விரல்கள் விரிந்தன. முள் கீழே இறங்கியது. மூன்று முறையும் அப்படியே. எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டு, படிவத்தை உறையில் இட்டு ஒட்டிய பிறகுதான் கதவைத் திறந்து மனைவியை உள்ளே கூப்பிட்டார்.

"இவர் என்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டாரு மேடம்," என்றாள் அவள், யாரும் கேட்காமலே. "கீழ அந்தப் பொண்ணு பிடிச்சுக்கோ பிடிச்சுக்கோன்னு சொல்லும்போது ஒருநாள் அடக்க முடியாம அழுதுட்டாரு. அப்பதான் சொன்னாரு. மூணு நாள் நான் இவர்கூடப் பேசல. கொழுந்தன்னு பேருதான். அவனுக்கு மீசை முளைச்சதை முதல்ல பாத்தது நான்தான்." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நாலாவது நாள் நானே அந்தக் கையை எடுத்து மடியில வச்சுக்கிட்டேன். தம்பி, அண்ணி வந்திருக்கேன், பிடிச்சுக்கோன்னேன். தினமும் சொன்னேன். ஒருநாள் அதுவா விட்டுருச்சு."

மேடம் மெக்கானிக்கிடம் திரும்பினார். "இப்ப இது யார் கை?"

"என் கைதான் மேடம்." விரல்களை மடக்கி விரித்துக் காட்டினார்.

"அவரு?"

மெக்கானிக் கொஞ்சம் கூச்சப்பட்டவர் போலச் சிரித்தார். "அவன் கையை அவனே வாங்கிட்டான். இப்ப பக்கத்துல சும்மா கூட வர்றான். தொந்தரவு இல்ல."

மனைவி கணவனை எழுப்பி, வலப்பக்கம் நின்று நடத்திக்கொண்டு போனாள். நடைகூடத்தின் ஜன்னல்களில் பளீரென்று வெயில். மேடம் அவர்களுக்கு முன்னால் போய்க் கூடத்தின் நடுவில் நின்று, அந்த நடையைப் பழக்க தோஷத்தில் காதால் கேட்டுக்கொண்டிருந்தார். இருவரும் வலது சுவரை ஒட்டியே நடந்து வந்தார்கள். மெக்கானிக்கின் இடது கை உடம்பிலிருந்து சற்று விலகி, விரல்கள் பாதி மடங்கி, தன் பாட்டுக்கு ஒரு தாளத்தில் ஆடிக்கொண்டு வந்தது. இரண்டு பேர் தாராளமாகக் கடந்து போக இடம் இருந்தது.

அவர்கள் அருகில் வந்ததும் ஜீரோ மேடம் இடது சுவரோடு முதுகை ஒட்டி, புடவைக் கொசுவத்தையும் ஒரு கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டு, மூன்று பேருக்கு வழி விட்டார்.